லயத்துப் பலகையும் மழைநீரும்



பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தெனமாராம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் செம்பனையை வணிக நோக்கில் நட்டார். இந்நாட்டில் அதுவே முதல் செம்பனைத் தோட்டம். இதனை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அத்தகைய தோட்டங்களில் உழைத்தோர் குடியிருந்த பலகை லயங்களைப் பற்றியோ நாம் பேசுவதில்லை. அவற்றுள் எஞ்சியிருப்பவற்றின் சுவரடியைக் குனிந்து பார்த்தால் நீர் எழுதிய வரலாறு தெரியும்.

கோலசிலாங்கூர்க் கரையோரம் தாழ்நிலம். ஈரம் குறையாத மண். ஆகவே பழைய லயங்கள் சிலவற்றைத் தூண்கள்மீது உயர்த்திக் கட்டினர். அத்தாப்புக் கூரை போய்த் தகரம் வந்தபின் தொல்லை மேலிருந்து தொடங்கியது. தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணியைப் பள்ளத்தில் அடித்துவிட்டால், ஓடும் நீர் ஆணித்துளை வழியே இறங்கும். துரு அத்துளையைப் பெரிதாக்கும். நீர் குறுக்குச்சட்டத்தின் வழியே ஊர்ந்து, பலகையின் உட்புறமாக வழிந்து, அடிச்சட்டத்தில் தேங்கும். கறை தெரிவது கீழே, ஓட்டை இருப்பதோ மேலே. கீழ்ப்பலகையை மட்டும் மாற்றியவர் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் மாற்ற நேர்ந்தது இதனாலேதான்.

முறையாகச் செய்வதெனில் முதலில் கூரையை அடைக்க வேண்டும். பிறகு பலகையைக் கழற்றிச் சட்டத்தை உலரவிட்டு, கூரிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதில் இறங்கும் பகுதி உளுத்த பகுதி. உறுதியான மரம் தென்படும்வரை அறுத்து நீக்கி, புதுத்துண்டை இணைத்து, அதன் வெட்டுமுனைக்குத் தார் பூசுவர். செங்கால் மரம் நெடுங்காலம் தாங்கும். மெராந்தி ஈரத்தில் விரைவில் உளுத்துவிடும். சுண்ணாம்பு அடித்தால் கறை மறையும், உளுப்பு மறையாது! அதிகாரி வருமுன் சுண்ணாம்பு அடித்த கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இத்தனையும் செய்ய வேண்டியவர் யார்? வீடு தோட்ட நிருவாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், 1966இல் வந்த குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளியின் கடமையையே பேசின. கட்டடங்களைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நடைமுறையில், கிராணியிடம் சொல்லிச் சலித்த குடும்பத்தார் பால்டின்னைத் தட்டித் தட்டையாக்கி ஓட்டையை மூடினர். சொந்தமாகாத வீட்டுக்குச் சொந்தக் காசு!

தோட்டங்கள் கைமாறியபோது இந்நிலை மேலும் மோசமாயிற்று. விரைவில் இடிபடும் என்று சொல்லப்படும் லயத்துக்கு நிருவாகம் புதுத்தகரம் போடுமா, குடியிருப்பவர்தாம் போடுவாரா? மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்ஞாக் ஆகிய வட சிலாங்கூர்த் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியதை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

உங்கள் மாணவரின் தாத்தா பாட்டியரிடம், அந்தப் பலகையை மாற்றியவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.