பாசி படிந்த கற்கள்

பேரும் புகழும் வந்து சேர்ந்த பிறகுதான் மனிதனுக்குத் தன் பாட்டனின் பாட்டன் நினைவு வரும் போலும். பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அது ஐம்பத்திரண்டாவது வயதில் வந்தது. மின்னலை ஆராய்ந்து ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றிருந்த அந்த அமெரிக்கர், 1758ஆம் ஆண்டு தம் மகன் வில்லியமை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தில் எக்டன் என்ற கிராமத்துக்குப் போனார். அவருடைய தகப்பனார் ஜோசையா பிறந்த ஊர் அது. சாயத்தொழில் கற்ற ஜோசையா, 1683 வாக்கில் கப்பலேறிப் போய், பாஸ்டனில் மெழுகுவர்த்தி காய்ச்சி விற்றுப் பதினேழு குழந்தைகளுக்குத் தகப்பனாரானவர்.

எக்டன் மாதா கோயிலில் 1555 முதல் பிறப்பு, விவாகம், மரணம் எல்லாம் பதிந்த ஏடு இருந்தது. பிராங்க்ளின் அதைப் புரட்டித் தெரிந்துகொண்ட விஷயம் வேடிக்கையானது: ஐந்து தலைமுறையாக அவர் கடைக்குட்டிப் பிள்ளைக்குக் கடைக்குட்டிப் பிள்ளை! குடும்பத்துக்குச் சொந்தமாக முப்பது ஏக்கர் நிலமும் ஒரு கொல்லுப்பட்டறையும் உண்டு. பட்டறை மூத்தவனுக்கு. கடைக்குட்டி வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

பெரியப்பா தாமஸ் ஒருவர். ஊர்க் காரியங்களில் முன் நின்ற கெட்டிக்காரர். பழைய பஞ்சாங்கக் கணக்குப்படி, பிராங்க்ளின் பிறந்த நாளுக்குச் சரியாக நான்கு வருஷம் முன்பு, அதே தேதியில் இறந்தவர். அதே நாளில் இறந்திருந்தால் ஆவி இடம் மாறிவிட்டது என்றே நினைக்கலாம் என்றான் வில்லியம். நம் பாட்டிமாராக இருந்தால் நாலு வருஷ இடைவெளியைப் பொருட்படுத்தியிருக்கவே மாட்டார்கள்.

பாதிரியாரின் மனைவி அவர்களைக் கல்லறைகளுக்கு அழைத்துப் போனாள். கற்களில் பாசி மண்டி எழுத்து மறைந்திருந்தது. முரட்டுப் பிரஷ்ஷும் தண்ணீரும் வந்தன. பீட்டர் தேய்த்துக் கழுவினான். வில்லியம் பார்த்து எழுதிக்கொண்டான்.

பீட்டர் யார்? பிராங்க்ளின் தம்மோடு கப்பலில் கொண்டுவந்த நீக்ரோ அடிமை. எனக்கு அந்த ஏட்டைவிட இவன்மீதுதான் கண் போகிறது. எஜமானருடைய முன்னோர் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கைகளுக்கு உரியவனின் பாட்டன் பெயரை எந்தக் கோயில் ஏட்டில் தேடுவது? எஜமானர் காலமான பிறகு அவனும் அவன் மனைவி ஜெமீமாவும் விடுதலை பெறவேண்டும் என்று 1757ல் பிராங்க்ளின் உயில் எழுதியிருந்தார். அடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்று அமெரிக்கக் காங்கிரசுக்கு அவர் விண்ணப்பம் அனுப்பியது 1790ல்தான்.

எழுதிக்கொண்ட மகனின் கதை வேறு. வில்லியமைப் பெற்றவள் யார் என்று பிராங்க்ளின் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. இருநூறு வருஷக் கணக்கைத் துருவிய மனிதர் தம் மகனுக்கு எதிரே தாயின் இடத்தை வெறுமையாக விட்டார். ஆனாலும் 1771ல் சுயசரிதம் எழுத உட்கார்ந்தபோது, இந்த வம்ச விவரங்களையெல்லாம் மகனுக்குச் சொல்வதாகவே ஆரம்பித்தார். அப்போது வில்லியம் நியூ ஜெர்ஸியின் கவர்னர். சுதந்திரப் போர் வந்ததும் அவன் அரசர் பக்கம் நின்றான், 1776ல் கைதானான். தகப்பன் மன்னிக்கவில்லை. 1785ல் சௌதாம்ப்டனில் கடைசியாகச் சந்தித்தபோது பேச்சு கடன், நிலம் பற்றியதாகவே இருந்தது. 1788ல் எழுதிய உயிலில் அவனுக்கு நோவா ஸ்கோஷியா நிலத்தின்மேல் இருந்த உரிமையும், ஏற்கெனவே அவன் கையிலிருந்த புத்தகங்களும் கிடைத்தன.

வில்லியமின் மகன் டெம்பிள் 1823ல் பாரிஸில் இறந்தான். அவனுக்கும் தாய் யார் என்று ஏட்டில் இல்லை. ஆண்வழி அதோடு நின்றது. இன்று பிராங்க்ளின் வம்சத்தார் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் அவர் மகள் ஸாரா வயிற்று வழி வந்தவர்கள்.