எண்சுவடியும் பராயிளும்: எத்தாளையில் ஒரு பங்குக் கணக்கு

எங்கள் உம்மாவுக்கு எத்தாளையில் 22 தென்னை மரங்கள் இருந்தன. "எனக்கு வர வேண்டியது 22 இல்ல மகன், 22உம் மூன்றில ரெண்டும்" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நாங்கள் அதைப் பகிடியாக எடுத்தோம். மரத்தில் மூன்றில் இரண்டு எப்படி இருக்கும்? மேல் பாதியா, கீழ்ப் பாதியா என்று கேட்டுச் சிரிப்போம். முப்பது வருசத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகுதான் உம்மா சொன்ன அந்தப் பின்னத்தை உட்கார்ந்து யோசித்தேன். நம் கரையோர ஊர்களில் கணக்கு எப்படிப் படிக்கப்பட்டது என்ற சரித்திரம் அதற்குள் கிடந்தது.

நடந்தது இதுதான். 1940களில் உம்மாவின் வாப்பா மௌத்தானார். மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக நீளும் அந்த மணல் நிலத்தில் அவர் விட்டுச் சென்றது 160 தென்னைகள் நின்ற ஒரு தோட்டம். மனைவி, அதாவது என் உம்மும்மா, இருந்தார். அவருடைய தாயும் ஹயாத்தோடு இருந்தார். ஆண் மக்கள் இருவர், பெண் ஒருத்தி. அந்த ஒருத்திதான் உம்மா. அப்போது ஏழு வயது.

பங்கு பிரிக்க இரண்டு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓதப்பள்ளி லெப்பை. மற்றவர் ஊரில் கணக்கப்பிள்ளை என்று பேர் எடுத்த பெரியவர். லெப்பை பங்கைச் சொன்னார்: பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற வீதத்தில். அதை மரமாக்குவது கணக்கப்பிள்ளையின் வேலை. அவர் விரல் மடித்து, வாய்க்குள் முணுமுணுத்து, மனைவிக்கு 20 என்றார். தாய்க்கு 26, பெண் பிள்ளைக்கு 22. மிஞ்சியது 92, ஆண் பிள்ளைகளுக்கு 46 ஆக 46.

கணக்கு முடிந்தது என்று எல்லோரும் எழும்பும்போது கதவுக்குப் பின்னால் நின்ற உம்மும்மா கேட்டாராம்: "ரெண்டு மரம் ஆம்புளப் புள்ளயளுக்குக் கூடப் போயிட்டே, லெப்ப?"

அவர் கேட்டது சரி. செய்து பாருங்கள். 160இல் ஆறில் ஒன்று 26 அல்ல, 26உம் மூன்றில் இரண்டும். பெண் பிள்ளைக்கு 22உம் மூன்றில் இரண்டும். ஆண் பிள்ளைகளுக்கு 45உம் மூன்றில் ஒன்றும் வீதம். துண்டுகளை விட்டுவிட்டு முழு மரங்களை மட்டும் கூட்டினால் 158 வரும். மிஞ்சும் 2 மரத்தில் நாலு பேருக்கு உரிமை. கணக்கப்பிள்ளை அதை ஆளுக்கொன்றாக இரண்டு மாமாமாருக்கும் கொடுத்துவிட்டார். தாய்க்கும் மகளுக்கும் குறைந்தது, மகன்மாருக்குக் கூடியது.

அவர் களவு செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் படித்த கணக்கில் மூன்றில் ஒன்று என்பதே இல்லை. அதைத்தான் விளக்க வேண்டும்.

அச்சுக்கும் அரசாங்கப் பள்ளிக்கும் முந்திய தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பிள்ளைகள் கணக்குப் படித்தது திண்ணைப் பள்ளிகளில். மணலில் விரலால் எழுதுவார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை ஒரு அடி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சென்னையில் இருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைக் கண்டு தன் பள்ளியிலும் புகுத்தினார்; மாணவனே மாணவனுக்குப் படிப்பிக்கும் அவருடைய முறை 1797இல் நூலாகி 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. அந்தப் பள்ளிகளின் முதல் பாடம் எண்சுவடி. அது படித்து முடிக்கிற புத்தகமல்ல, நாவில் ஏற்றுகிற வாய்ப்பாடு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தப் பாடங்களையும், அவை நிலம் அளப்பவர், கூலி கொடுப்பவர், வரி வாங்குபவர் கையில் எப்படிப் புழங்கின என்பதையும் விரிவாக எழுதியிருக்கிறார்.

எண்சுவடியில் கவனிக்க வேண்டியது, பிள்ளை ஒன்று, இரண்டு என்று மட்டும் படிப்பதில்லை. ஒன்றுக்குக் கீழே உள்ளதையும் மனப்பாடம் செய்கிறது. 320இல் ஒன்று முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, அதாவது 160இல் ஒன்று. 80இல் ஒன்று காணி. 20இல் ஒன்று மா. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, 16இல் ஒன்று. வீசம் என்பதும் அதுதான். பிறகு அரைக்கால், கால், அரை, முக்கால். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை தாளில் செய்யத் தடுமாறுகிற கூட்டலை அன்றைய பிள்ளை வாயாலேயே செய்தது.

இந்தக் கட்டிடம் முழுவதும் 2ஆலும் 5ஆலும் கட்டியது. 320ஐப் பாதியாக்கிப் பாதியாக்கி 5 வரைக்கும் இறங்கலாம். ஆனால் மூன்றால் பிரிக்க முடியாது. 320இல் ஆறில் ஒன்று 53 முந்திரியும் முந்திரியில் மூன்றில் ஒன்றும். முந்திரியை மறுபடி 320 ஆக உடைத்துக் கீழ்முந்திரி என்று போனாலும் அதே மிச்சம் திரும்பி வரும். அதற்கும் கீழே இம்மி என்ற அளவு உண்டு. ஆனால் இம்மியை வைத்துத் தென்னந்தோட்டம் பிரித்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

இனிக் கணக்கப்பிள்ளையின் விரல் மடிப்பைப் பாருங்கள். 160 மரம் 320 முந்திரி என்றால் ஒரு மரம் இரண்டு முந்திரி. மனைவியின் எட்டில் ஒன்று அரைக்கால். 40 முந்திரி, 20 மரம். சுத்தமாக வந்தது. தாயின் ஆறில் ஒன்றுக்கு எண்சுவடியில் பேரே இல்லை. 53 முந்திரி என்று எடுத்தார்; இருபத்தாறரை மரம். அரை மரத்தை விட்டார், 26 ஆனது. உம்மாவின் பங்கு 45 முந்திரியும் சொச்சமும். அதுவும் அப்படியே 22 ஆனது.

அவர் வழிவந்த மரபில் இது குற்றமுமல்ல. எண்சுவடிக்கு மேல் படிப்பு கணக்கதிகாரம். காரி நாயனார் செய்யுளாகச் செய்த அந்த நூல் நிலம், பொன், நெல் என்று உலகத்தில் அளக்க வேண்டியதையெல்லாம் அளக்கச் சொல்லித் தருகிறது. பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணும் வழி அதில் பேர்போனது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பிரிக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். சந்தையிலும் களத்திலும் அந்த மதிப்பீடு போதும். மையித்து வீட்டுப் பாயில் அது போதாது.

லெப்பையின் பக்கம் வருவோம். அவர் கையில் இருந்தது வேறொரு கணித மரபு. குர்ஆனில் சூரத்துன்னிஸாவில் சொல்லப்படும் குறித்த பங்குகள் ஆறு: அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. முதல் மூன்றும் எண்சுவடிக்கு உறவு. பின்னைய மூன்றும் அந்நியம். இந்த ஆறையும் கலக்கும்போது பொதுவான அடி எண் வேண்டும். பராயிள் கலை அதை அஸ்லுல் மஸ்அலா என்கிறது. வரக்கூடிய அடி எண்கள் 2, 3, 4, 6, 8, 12, 24 என்று ஏழே ஏழு. பங்குகள் கூடி ஒன்றைத் தாண்டினால் என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு. மனைவி, இரு பெண் மக்கள், தாய், தகப்பன் இருந்தால் 24க்கு 3, 16, 4, 4, கூட்டினால் 27. அடி எண்ணை 27 ஆக உயர்த்தி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பார்கள். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகும். மிம்பரில் நிற்கும்போதே அலி (ரழி) அவர்கள் இதற்கு விடை சொன்னதாக வரும் செய்தியால் இதற்கு மிம்பரிய்யா என்று பெயர். குறைவு வந்தால் எல்லோருக்கும் வரும். ஒருவர் தலையில் மட்டும் விழாது.

இது பிக்ஹு மட்டுமல்ல, கணிதமும்தான். கலீபா மஃமூன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்-ஜப்ர் நூலில் ஏறத்தாழப் பாதி வஸிய்யத்துக்கும் வாரிசுப் பங்குக்குமான கணக்குகள். அல்ஜிப்ரா என்று உலகம் படிக்கிற பாடம் மையித்து வீட்டுப் பாயிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் வளர்ந்தது. நம் ஷாபிஈ ஓதப்பள்ளிகளுக்கு அந்த அறிவு வேறு வழியில் வந்தது. இமாம் ரஹபியின் பராயிள் பைத்தை மாணவர்கள் மனனம் செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய பத்ஹுல் முயீனில் பராயிளுக்குத் தனிப் பாடம் உண்டு. அதே நூற்றாண்டில், 1543இல், இலண்டனில் றொபேட் ரெக்கோட் ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்வதுபோல் ஒரு எண்கணித நூலை அச்சிட்டார். ஐரோப்பாவின் ஆரம்ப அச்சுக் கணித நூல்களைப் பற்றிப் பேசும்போது அவரைச் சொல்கிறார்கள். நம் கரையில் அந்தக் காலத்துக் கணித நூல் எது என்று யாரும் கேட்டால் பத்ஹுல் முயீனின் அந்தப் பாடத்தையும் நான் காட்டுவேன். அட்டையில் கணிதம் என்று எழுதாததால் அதை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆக, ஒரே ஊரில் இரண்டு பாடம். இரண்டும் பாட்டாக, மனனமாக, குரு சொல்லச் சீடன் சொல்வதாகவே நடந்தன. ஆனால் ஒன்றையொன்று பார்த்ததில்லை. லெப்பைக்கு 24இலிருந்து 120க்குப் போகத் தெரியும். மனைவிக்கு 15, தாய்க்கு 20, ஆண் பிள்ளைகளுக்கு 34 வீதம், பெண்ணுக்கு 17 என்று அவர் பிழையில்லாமல் சொல்லியிருப்பார். 120 பங்கை 160 மரத்தில் எப்படி இறக்குவது என்பது அவர் ஓதிய பாடத்தில் இல்லை. கணக்கப்பிள்ளைக்கு மரம் தெரியும், மூன்றில் ஒன்று தெரியாது. இரண்டு பாடத்துக்கும் நடுவில் விழுந்தது இரண்டு மரம்.

அதை எடுத்தவர் எந்தப் பள்ளியிலும் எழுதப் படிக்காத என் உம்மும்மா. "மரத்த வெட்டவா செல்லுறேன்? வருசத்துக்கு ஆறு தரம் தேங்கா பறிக்கிறம். ஒரு மரத்துல நாலு பறி மாமிக்கு, ரெண்டு பறி மூத்தவனுக்கு. மத்த மரத்துல நாலு பறி மகளுக்கு, ரெண்டு பறி இளையவனுக்கு." ஆறு பறியில் நாலு என்பது மூன்றில் இரண்டு. ஆறில் இரண்டு, மூன்றில் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு பறி என்ற தோட்ட வழக்கத்திலேயே, எண்சுவடியில் இல்லாத ஆறு இருந்தது. வீட்டுச் செலவைப் பறிக்குப் பறி பார்த்தவருக்கு அது தெரிந்தது.

லெப்பை தலையசைத்தாராம். மற்றவர்கள், "ரெண்டு மரத்துக்கா இவ்வளவு கத?" என்று எழும்பிவிட்டார்கள். உம்மும்மாவின் பங்கு 20 சரியாகவே வந்திருந்தது. அவர் பேசியது மாமியாருக்காகவும் ஏழு வயது மகளுக்காகவும். சபை கலைந்துவிட்டது.

மூன்றில் இரண்டு மரம் பெரிய சொத்தா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. உம்மாவின் கலியாணத்தின்போது எழுதிய உறுதியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அதில் "22 தென்னை மரங்கள்" என்றே இருந்தது. 120இல் 17 பங்கு என்று ஒரு வரி இல்லை. மண்ணைப் பற்றியும் இல்லை. பிரிபடாத காணியில் இன்னாருக்கு இத்தனையில் இத்தனை பங்கு என்று பின்னமாக எழுதுவது நம் நாட்டு உறுதிகளில் வழக்கம்தான். அப்படி எழுதியிருந்தால் மரம் பட்டாலும் பங்கு நிற்கும். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஏக்கருக்கு 22உம் மூன்றில் இரண்டு பேர்ச்சும் உம்மாவுக்கு வந்திருக்கும். மரமாக எழுதியதால் மரம் சாகச் சாகப் பங்கும் செத்தது. உம்மா மௌத்தாகும்போது நின்றது 9.

சட்டம் இடம் தரவில்லை என்று சொல்ல முடியாது. 1806இன் முகம்மதியர் சட்டக்கோவை 1852இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின் சட்டப்படியே பிரிய வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தில் பங்கு இருந்தது. அதைச் சரிபார்க்கும் கணக்கு அந்தப் பாயில் இருந்தவர்களிடம் இல்லை.

அதன் பிறகு இரண்டு பாடமும் தேய்ந்தன. 1872இல் இலங்கை ரூபாய் 100 சதமானது. இந்தியாவில் 16 அணா 1957 வரை இருந்தது. நம் கடைத்தெருவில் வீசம் முந்தியே செல்லாக் காசானது. 1855இல் யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் அச்சானது. அல்-குவாரிஸ்மியின் கலை மிஷன் அச்சகத்தின் வழியாகத் தமிழில் வந்தது. நான் படித்ததும் படிப்பித்ததும் அந்த வழியில் வந்த கணிதம். பாடசாலையில் பொதுமடங்கு சொல்லிக் கொடுத்தேன். பின்னேரம் அதே பிள்ளைகள் மதரஸாவுக்குப் போய் ஓதினார்கள். இரண்டையும் ஒரு நாளாவது ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. இந்தக் குறை என்னுடையது.

இப்போது என் பேத்தி ஆறாம் வகுப்பு. போன லீவில் உம்மாவின் கணக்கை அவளிடம் கொடுத்தேன். 24 எடுத்தாள், ஐந்தால் பெருக்கி 120க்குப் போனாள், 160க்கு இறக்கினாள். 22உம் மூன்றில் இரண்டும் வந்தது. "மூன்றில ரெண்டு மரத்த என்ன செய்ற அப்பா?" என்று கேட்டாள். உம்மும்மாவின் ஆறு பறியைச் சொன்னேன்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டுப் பெட்டியில் பழைய உறுதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் உம்மாவின், ராத்தாவின், மாமியின் பங்கு அதில் மரமாக எழுதியிருக்கிறதா, பின்னமாக எழுதியிருக்கிறதா? பின்னமாக இருந்தால் வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பங்கும் சேர்ந்து ஒன்று வர வேண்டும்.