பற்று அட்டையும் பூட்டு நகரமும்

திண்டுக்கல் கடைவீதியில் யாரிடமேனும் 'பற்று அட்டை' என்று சொன்னால் விழிப்பார்கள். 'டெபிட் கார்டு' என்றால் கற்றவர்களுக்குப் புரியும். 'ஏடிஎம் கார்டு' என்றால் மட்டுமே அனைவருக்கும் உடனே விளங்கும். கடையில் பொருள் வாங்கவும் பயன்படும் ஓர் அட்டையைப் பணம் எடுக்கும் இயந்திரத்தின் பெயராலேயே இவ்வூர் அழைத்து வருகிறது. சமவெளி மக்களின் கால் நூற்றாண்டுப் பழக்கம் இந்தப் பெயரில் பதிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 'பற்று' என்ற சொல்லைப் பார்ப்போம். கணக்கியலில் அது வரவுக்கு எதிர்ப்பக்கம். மளிகைக் கடையிலோ பற்று என்றால் கடன். சம்பளம் வரும்வரை வாங்கிய அரிசியும் பருப்பும் பற்று நோட்டில் ஏறும்; கூலி கைக்கு வந்ததும் கணக்குத் தீர்க்கப்படும். வங்கியின் பற்று அட்டை இதற்கு நேர்மாறானது. கணக்கில் பணம் இருந்தால்தான் அது அசையும், அசைந்த கணமே பணம் கழிந்துவிடும். ஆகவே சிறு கடைகளில் அட்டைக்குப் போட்டி ரொக்கம் மட்டுமன்று. கடைக்காரர் காத்திருக்கச் சம்மதித்த அந்த நோட்டும்தான். முகம் பார்த்துக் கடன் தரும் ஏற்பாட்டை, கடன் தராத ஒரு அட்டை எப்படி வெல்லும்?

பணம் வழங்கும் இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆறு இலக்க ரகசிய எண்ணை எண்ணியிருந்த அவர், தம் மனைவியால் நான்கு இலக்கங்களையே நினைவில் வைக்க முடிந்ததால் நான்காகக் குறைத்ததாகப் பின்னாளில் கூறினார். இந்தியாவுக்கு அது வந்தது 1987இல், மும்பையில். தென்மாவட்டங்களில் அப்போது பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காசாளர் அழைப்புக்குக் காத்திருக்கும் காலம். கருமுத்து தியாகராசர் 1943இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. கிளைகள் கணினியால் பிணைக்கப்பட்டு, அட்டை பரவலானது அந்தப் பத்தாண்டில்தான். 2009 ஏப்ரலில் பிற வங்கி ஏடிஎம்களிலும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம் என்றானபின், அட்டை உண்மையிலேயே ஊர்ப்பொதுவானது.

எனினும் அட்டை கடைக்குள் நுழையவில்லை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையும் நிலக்கோட்டைப் பூச்சந்தையும் அன்றன்றைய விலையில், மெல்லிய லாபத்தில் நடப்பவை. 2012இல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்த பிறகும், டெபிட் கார்டு விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய்வரை வணிகரிடம் கழிக்க இடமிருந்தது. மல்லிகை விற்பவர் அந்த ஒரு ரூபாயை ஏன் இழக்க வேண்டும்? வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியின் சம்பளம் வங்கிக்கு மாறியது. சம்பள நாளன்று ஏடிஎம் வாசலில் வரிசை நீண்டது. எடுத்த பணம் அன்றே ரொக்கமாகக் கடைக்குப் போனது. அட்டை ஒரு சாவியாக மட்டுமே இருந்தது.

சாவி என்பதைத் திண்டுக்கல்லில் சொல்வதற்குப் பொருள் உண்டு. கையால் செய்யும் நெம்புகோல் பூட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1957இல் அமைந்தது, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனை நுட்பமான பூட்டானாலும் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதே வீட்டின் அதிகாரத்தைத் தீர்மானிக்கும். அட்டையின் கதையும் இதுவே. 2014இல் ஜன் தன் திட்டம் கோடிக்கணக்கானோருக்கு ரூபே அட்டையைத் தந்தது. ஆனால் பல வீடுகளில் தாயின் பெயரிலுள்ள அட்டை மகனின் சட்டைப்பையில் இருந்தது. ரகசிய எண் அட்டை உறையின்மேலேயே எழுதப்பட்டிருந்தது. ஏடிஎம்மில் உதவுவதாகச் சொல்லி அட்டையை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வாடிக்கையாயின.

2016 நவம்பர் 8 எல்லாவற்றையும் கலைத்தது. புதிய 2000 ரூபாய்த் தாளின் அளவு வேறு என்பதால் இயந்திரங்களையே திருத்தியமைக்க வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 2000 ரூபாய் என்ற வரம்பு வந்தது. ரொக்கம் இல்லாததால்தான் பலர் முதன்முறையாக அட்டையைக் கடையில் தேய்த்தார்கள். அந்தப் பழக்கம் வேரூன்றும் முன்பே கைப்பேசி வந்துவிட்டது. அதே ஆண்டில் அறிமுகமான யுபிஐக்கும் ரூபே அட்டைக்கும் 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் அட்டைக்கு இயந்திரம் தேவை. யுபிஐக்கு ஒட்டிவைத்த ஒரு கியூஆர் தாள் போதும். நாடு முழுவதும் டெபிட் கார்டால் பொருள் வாங்கிய பரிவர்த்தனைகள் 2021-22இல் ஏறத்தாழ 394 கோடி. 2023-24இல் 229 கோடி. அந்த ஆண்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் 13,000 கோடியைக் கடந்தன. இத்தனைக்கும் யுபிஐக்கு ரகசிய எண் அமைக்கத் தொடக்கத்தில் கேட்கப்பட்டது டெபிட் கார்டின் இறுதி ஆறு இலக்கங்களைத்தான். இன்னொரு சாவி செய்ய அச்சாக உதவிவிட்டு அட்டை ஒதுங்கிக்கொண்டது.

புள்ளிவிவரத்தோடு இதை முடித்துவிட முடியாது. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் சேரலாயிற்று. அதற்கென ஏடிஎம் அட்டைகளும் வழங்கப்பட்டன. திறன்பேசி இல்லாத, இருந்தாலும் அதைக் கணவரோ பிள்ளையோ வைத்திருக்கும் வீட்டில், அந்த அட்டைதான் அவள் பெயர் பொறித்த ஒரே சாவி. 2025 மே முதல் இலவச வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய்வரை கட்டணம் வாங்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. நாட்டின் ஏடிஎம்களின் எண்ணிக்கையும் அண்மையில் சற்றுக் குறைந்துள்ளது.

அட்டையின் காலம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் கடைவீதியைப் பார்த்து எழுதுகிறார்கள். மாதப் பிற்பாதியில் ஏடிஎம் வாசலில், அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு தன் முறைக்காக நிற்கும் பெண்ணையும் அவர்கள் பார்க்க வேண்டும். அவளுக்கு அந்த நான்கு இலக்கங்கள் மனப்பாடமாகிவிட்டால், இனி யாரிடமும் அட்டையை நீட்ட வேண்டியதில்லை. அதற்குள் இயந்திரத்தை மூடிவிடாமல் இருக்க வேண்டும்.