வீட்டைப் புதுப்பிக்கும் முன்: பேராக் தோட்டங்கள் சொல்லும் பாடம்

வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான் குடும்பத்தில் முதலில் வரும் கேள்வி. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. வேலை செய்யப் போகிறவர்கள் யார்? வீடு யாருடையது? அது நிற்கும் மண் எப்படிப்பட்டது? பேராக் மாநிலத்தின் வரலாறு இம்மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறது.

துரையின் மாளிகை

ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜா அருகில் நிற்கும் கெல்லி மாளிகையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது ஒரு வீட்டு விரிவாக்கம் என்பதைத்தான் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்திலிருந்து 1890ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தவர் வில்லியம் கெல்லி ஸ்மித். காட்டை அழித்து ரப்பர் நட்டார். தமது தோட்டத்துக்குக் 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயரிட்டார். அங்கே முதலில் கட்டிய வீடு போதாது என்று நினைத்து, 1915ஆம் ஆண்டு அதை ஒட்டியே பெரிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார்.

மின்தூக்கியோடு கூடிய கோபுரம் திட்டத்தில் இருந்தது. செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. மதராஸிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர் என்பர். ஆனால் உலகையே உலுக்கிய 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் கோயில் ஒன்று வேண்டும் என்று கேட்க, ஸ்மித் மாரியம்மன் கோயிலைக் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அக்கோயிலின் மேற்கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளைக்காரர் உடையில் நிற்கும் சிலை ஸ்மித்துடையது என்றே கருதப்படுகிறது.

1926ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஸ்மித் காலமானார். அவர் மனைவி தோட்டத்தை விற்றுவிட்டார். மாளிகை இன்றும் முடிவு பெறாமலேயே நிற்கிறது. பணம் இருந்தது, திட்டம் இருந்தது. ஆனால் நோயும் மரணமும் திட்டத்தைக் கேட்டு வருவதில்லை. கட்டுகிறவர்களின் உடல்நலமும் கட்டட வேலையின் ஒரு பகுதி என்பதை அந்த மாளிகை உணர்த்துகிறது.

தொழிலாளியின் லயன்

துரை தம் வீட்டை விரிவாக்கிய அதே காலத்தில் பால்மரம் வெட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? வரிசையாகக் கட்டப்பட்ட லயன் வீடுகளில்! ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை. குடும்பம் பெருகினாலும் அறை பெருகவில்லை. வேலை போனால் வீடும் போனது. அவசரகாலத்தில், 1950க்குப் பிறகு, பிரிக்ஸ் திட்டத்தின்படி பல தோட்டங்களில் லயன்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. தான் குடியிருக்கும் வீட்டை எங்கே வைப்பது என்பதைக்கூடத் தொழிலாளி முடிவு செய்ய இயலவில்லை.

பின்னர் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். தோட்டத் துண்டாடலில் எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்து நின்றன. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே சங்கம் தோட்டங்களை வாங்கியது. தோட்டத் தொழிலாளர்களின் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் 1966ஆம் ஆண்டு வந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

இன்று செய்ய வேண்டியது

அந்த லயன்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். சமையலறையை நீட்டுவதும் மாடி எடுப்பதும் அவர்களுக்கு வெறும் கட்டட வேலையல்ல. பாட்டன் காணாத உரிமை. அந்த உரிமையை அவசரத்தில் இழக்கலாமா?

முதலில் நிலப்பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெற்றோர் மறைந்தபின் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், அதை முடித்துவிட்டுத்தான் கட்டட வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. புதிய கட்டடத்துக்கு மட்டுமல்ல, கட்டடத்தை மாற்றியமைப்பதற்கும் இது பொருந்தும். மூன்றாவது, மண். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல் பூமி; உள்ளே குகைகளும் பொந்துகளும் உண்டு. ஈயம் தோண்டிய குட்டைகளை மேடாக்கிய இடங்களும் ஏராளம். மாடி எடுக்கும் முன் பொறியாளரைக் கொண்டு அடித்தளத்தைச் சோதிப்பது அவசியம். பழைய வீட்டின் கூரையில் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கக் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. முறையாகப் பயிற்சி பெற்றவர்களே அதை அகற்ற வேண்டும்.

கடைசியாக, குத்தகையாளரிடம் கூலியையும் காலக்கெடுவையும் எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு வரும் தொழிலாளிக்குக் குடிநீரும் நிழலும் கொடுங்கள். தோட்டத்து லயனிலிருந்து வந்த சமுதாயத்துக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நினைவுபடுத்தினாலே போதும்.