வாய் பொத்திய வரலாறு

கொரோனா காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு புகாரை மட்டும் மறக்காமல் எழுதிவிடுகிறார்கள். ஜனங்களுக்கு அறிவில்லை, சொன்னால் கேட்கவில்லை, மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்று. யார் அந்த ஜனங்கள்? மாட்டச் சொன்னது யார், யாரிடம் சொன்னது, எந்தக் குரலில் சொன்னது? இதையெல்லாம் கேட்காமல் எழுதுகிற வரலாறு போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற எப்.ஐ.ஆர். மாதிரிதான் இருக்கும்.

வாயை மூடுவது இந்த மண்ணில் 2020இல் தொடங்கிய பழக்கமல்ல. 'கைகட்டி வாய்புதைத்து' என்கிற தொடரைத் தமிழ் படித்த எல்லாரும் பணிவின் அடையாளம் என்றுதான் பாடம் கேட்டிருக்கிறோம். வகுப்பில் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. அந்தப் பணிவுக்குள்ளே மூச்சுத்தீட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆண்டைக்கு முன்னால் நிற்கிற பறையனின், பள்ளனின், சக்கிலியனின் மூச்சும் எச்சிலும் ஆண்டை மேல் படக்கூடாது. துண்டு தோளில் கிடந்தால் குற்றம், அது இடுப்பில் இருக்கணும், இல்லையென்றால் கக்கத்தில் இருக்கணும். கை வாய்மேல் இருக்கணும். பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவன் தன் எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். அங்கே சாமிக்கு முன்னால் வாய் கட்டுகிறார்கள், இங்கே ஆண்டைக்கு முன்னால் நாம் வாய் பொத்தினோம். ஆண்டை தன்னை எங்கே உட்காரவைத்துக்கொண்டிருந்தான் என்று இதிலேயே தெரிகிறது.

ஊரடங்கு நேரத்தில் எங்கள் காலனியில் ஒரு பெரியவர் சொன்னார்: "வாய மூடிக்கினு நிக்கறது நமக்குப் புதுசா இன்னா? எங்கப்பன் காலத்துல கையால மூடுனோம். இப்ப துணியால மூடச் சொல்றானுவ. அப்ப அபராதம் மட்டும் கெடையாது, அடிதான்." சொல்லிவிட்டு அவரே மாஸ்க்கைச் சரியாக மேலே இழுத்துக்கொண்டார். நோய்க்குப் பயந்துதான் இழுத்துக்கொண்டார். அறிவில்லாதவர் இல்லை அவர். ஆனால் இந்த ஒப்பீடு அவருக்குத் தோன்றியது. பட்டணத்தில் பத்தி எழுதுகிறவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர்களுக்கு வேறு ஒன்று தோன்றியது. மடி, ஆசாரம், எட்ட நின்று கும்பிடுவது எல்லாம் முன்னோர்களின் விஞ்ஞானம் என்று 2020இல் எத்தனை பேர் பெருமை பேசினார்கள்! 'சமூக இடைவெளி' என்கிற சொல்லே அவர்களுக்கு இனித்தது. உலகச் சுகாதார நிறுவனமே அந்த மார்ச் மாதத்தில் சமூக இடைவெளி என்று சொல்லாமல் உடல் இடைவெளி என்று சொல்லத் தொடங்கிய பிறகும் இங்கே அதை விடுவதாக இல்லை. மாஸ்க் போடுகிறவர்கள் இரண்டு பேருமே போடணும், என் மூச்சு உன்னையும் உன் மூச்சு என்னையும் கெடுக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. சாதி அப்படியா சொல்கிறது? ஒருத்தன் வாயை மட்டும் பொத்தச் சொல்கிறது, அதுவும் பதினாலு நாளுக்கு இல்லை, பிறந்ததிலிருந்து சாகிறவரைக்கும். இதை விஞ்ஞானம் என்கிறவனிடம் வாதாடுவதே வீண்.

துண்டு விஷயத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் 14 அன்று ஊரடங்கை மே 3 வரை நீட்டித்துப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அம்பேத்கர் பிறந்த நாள். அன்றைக்கு அவர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தார். துண்டே போதும், வீட்டுத் துணியே போதும் என்று பிரச்சாரம் நடந்தது. தோளில் போட்டதற்காக எத்தனையோ ஊரில் நம் தாத்தன்மார்கள் உதைபட்ட அதே துண்டு! அந்த நாளில் சிலைக்கு மாலை போடக் கூட்டம் சேர முடியாமல், சேரிகளில் வீட்டுக்குள்ளேயே படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டோம்.

மாஸ்க்கை மறுத்தவர்கள் எல்லாரும் ஏழைகளோ படிக்காதவர்களோ அல்ல. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த சீன டாக்டர் வூ லியன்-தே, நோய் காற்றில் பரவுகிறது, துணியும் பஞ்சும் வைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள் என்றார். மெஸ்னி என்கிற பிரெஞ்சு டாக்டர் கேட்கவில்லை. ஒரு சீனன் எனக்குச் சொல்வதா என்கிற நிறத்திமிர். மூடாமல் நோயாளிகளைப் பார்த்தார், 1911 ஜனவரியில் அதே நோயில் செத்தார். சான்பிரான்சிஸ்கோவில் 1918இல் மாஸ்க் கட்டாயமாக்கப்பட்டது. 1919இல் அதை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் கட்டினார்கள். அவர்களுக்கு அது சுதந்திரப் பிரச்சினை. நமக்கு அந்தச் சொகுசு இல்லை.

அதே 1918 இன்புளுயன்சாவில் பம்பாய் நகரத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சமூகவாரியாக எடுத்த கணக்கு. ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, சாதி இந்துக்கள் 18.9, 'கீழ்ச்சாதி இந்துக்கள்' 61.6. கிருமிக்கு சாதி தெரியாதாம்! கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே அறையில் எட்டுப் பேரைப் படுக்கவைத்தவனுக்கும், குடிதண்ணீரைத் தூரத்தில் வைத்தவனுக்கும் தெரியும். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால், 1897 பிளேக்கில், முண்ட்வா மகர் குடியிருப்பிலிருந்து நோய் கண்ட ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன சாவித்ரிபாய் பூலே அந்த நோய் தொற்றியே மார்ச் 10 அன்று இறந்துபோனார். அவருக்கு இடைவெளி பார்க்கத் தெரியவில்லை. அந்த வருஷம் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இல் தூசு தட்டி எடுத்தார்கள்.

இப்போது கூலிக் கணக்கு பார்க்கலாம். 2020 மார்ச்சில் மத்திய அரசு மூன்று மடிப்பு மாஸ்க்குக்கு 10 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. தமிழ்நாட்டில் அந்த செப்டம்பரில் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் வந்தது. 2022 ஜனவரியில் அதை 500 ஆக்கினார்கள். 2020-21இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 256 ரூபாய். ஐந்து பேர் இருக்கிற குடும்பம் ஒருநாள் போட்டு எறிகிற மாஸ்க்குக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கணும், கொடுக்காமல் பிடிபட்டால் ஒருநாள் கூலியே போச்சு. ரேஷன் கடையில் இலவச மாஸ்க் கொடுக்கும் திட்டம் ஜூலையில்தான் வந்தது. துவைத்துத் துவைத்து நூலாய்ப்போன துணியைக் கட்டிக்கொண்டு போனவர்களைத்தான் லட்டியோடு நிறுத்தி "ஒழுங்கா போடு" என்றார்கள்.

துப்புரவுத் தொழிலாளிகளின் கதை இதிலும் தனி. மாஸ்க் கொடு, கையுறை கொடு, பூட்ஸ் கொடு என்று எத்தனை மனுக்கள் கொடுத்திருப்பார்கள்! மலக்குழியில் விஷவாயு தாக்கி ஆட்கள் செத்த ஒவ்வொரு தடவையும் இதே கோரிக்கைதான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று என்று இரண்டு சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. சேலை முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் நம் பெண்கள் குப்பை அள்ளினார்கள். அதாவது 2020 வரைக்கும் மாஸ்க் நமக்குக் கோரிக்கை, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020இல் அதே மாஸ்க் இல்லாதது நம் குற்றமாகிவிட்டது. அந்த மார்ச்சில் கைதட்டினார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். சில இடங்களில் மாலை போட்டுக் காலைக்கூடக் கழுவினார்கள். எங்கள் தெருவிலிருந்து பேரூராட்சி வேலைக்குப் போகிற ஒரு அக்கா சொன்னது: "மால போட்டவன் எட்ட நின்னுதான் போட்டான். தண்ணி கேட்டா டம்ளர் இல்லன்னான்."

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஊர்த்தெருவுக்கும் கொஞ்சம் தீட்டு எட்டியது. சென்னையில் நோய் வந்த வீட்டுக்கு முன்னால் தகரம் அடித்தார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கொரோனாவில் இறந்துபோன ஒரு டாக்டரை அடக்கம் செய்யப் போன இடத்தில் 2020 ஏப்ரலில் கல்லெறிந்து விரட்டினார்கள். எல்லாரும் பதறினார்கள், பதறவேண்டியதுதான். சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் வயல் வழியே பிணம் தூக்குகிற சேரிகள் பற்றி அந்தப் பதற்றத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நோய்க்காலம் முழுவதும் சென்னையில் குப்பை அள்ளியவர்களின் இரண்டு மண்டலங்களை, ராயபுரத்தையும் திரு.வி.க. நகரையும், 2025இல் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். வேலை போகும், கூலி குறையும் என்று ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகைக்கு வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது.