யாழ்ப்பாணக் கோட்டையும் சிலுவைக் கோவிலும்

யாழ்ப்பாண நகரின் தெற்கே, கடனீரேரியின் கரையில், முருகைக்கல்லினால் எழுப்பப்பெற்ற ஐங்கோணக் கோட்டை ஒன்று நிற்கின்றது. வடபகுதிக் கரையோரத்தைக் காணச் செல்வோர் முதலிற் காண வேண்டிய இடம் அதுவே.

1619 ஆம் ஆண்டில் பிலிப் தெ ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். அவன் காலத்தில் எழுந்த கோட்டை நாற்கோணமானது. 1658 இல் ஒல்லாந்தர் அதனை மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டனர். உள்ளே அடைபட்டிருந்தோர் பசியாலும் நோயாலும் நலிந்து ஈற்றிற் சரணடைந்தனர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவே விளங்கும் கடற்கோட்டையும் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. சுற்றிலும் கடல் இருந்தும், குடிநீர் இன்மையே அக்கோட்டையை வீழ்த்தியது.

வென்றவர் பழைய கோட்டையை அப்படியே வைத்திருக்கவில்லை. 1680 ஆம் ஆண்டளவில் அதனை ஐங்கோணமாக மாற்றி அமைத்தனர். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, பிரீசிலாந்து, கெல்டர்லாந்து, உற்றெக்ட் எனத் தம் தாயகத்து மாகாணங்களின் பெயரையே சூட்டினர். 1706 இல், போர்த்துக்கேயரின் அற்புத மாதா கோவில் இருந்தவிடத்தில், நான்கு கைகளும் ஒத்த சிலுவை வடிவிலே தம் தேவாலயத்தைக் கட்டினர். அதன் தளத்திலே ஒல்லாந்த அதிகாரிகளின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டன.

கோட்டையின் வெளியரண்கள் நிறைவெய்தியது 1792 இலேயே. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், ஆங்கிலேயர் வந்தபொழுது அது போரின்றியே கைமாறியது. ஐரோப்பியப் பகைவரை எதிர்நோக்கி நூறாண்டுக்கு மேலாக வலுப்படுத்திய மதில்கள் அப்பகைவர்மீது ஒரு குண்டேனும் வீசாது பணிந்தன.

அம்மதில்கள் கடும் போரைக் கண்டது அன்னியர் அகன்ற பின்னரே. 1990 இல் விடுதலைப் புலிகள் கோட்டையிலிருந்த இலங்கைப் படையினரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டனர். ஒல்லாந்தர் ஆட்சியையும் ஆங்கிலேயர் ஆட்சியையும் கடந்து நின்ற சிலுவைக் கோவில், இந்நாட்டின் உள்நாட்டுப் போரிலே இடிந்து வீழ்ந்தது. கோட்டை மதில்கள் பின்னர் நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் செப்பனிடப்பட்டன.

கொத்தளத்தின்மேல் மாலைக் காற்று வாங்க வருவோர் இன்று பலர். அவர்கள் ஒருகணம் உட்புறமும் நோக்குதல் வேண்டும். அரண் கட்டியவரின் வலிமையை மதில் காட்டும். அரணுக்காகப் போரிட்டவர் இழந்ததைக் கோவில் இருந்த வெற்றிடம் காட்டும். இரண்டையும் ஒருங்கே காண்பவரே அக்கோட்டையின் வரலாற்றை முழுமையாகக் கண்டவராவர்.