பதுக்கை

பாலைத்திணைப் பாடலொன்றை வகுப்பில் விளக்குகையில் ‘பதுக்கை’ என்னும் சொல் எதிர்ப்பட்டது. “முதலாளி அரிசியைப் பதுக்குவதோ, சேர்?” என ஒரு மாணவன் வினவினான். ஏனையோர் நகைத்தனர். ஆயின் அவ்வினா நகைத்து ஒதுக்கற்பாலதன்று.

ஆங்கிலத்திலே ‘பரோ’ என்றொரு சொல்லுண்டு. பண்டைய பிரித்தானியர் இறந்தோர்மீது குவித்த மண்மேட்டையும், தொழிலாளி தள்ளும் கைவண்டியையும் அது குறிக்கும். வடிவம் ஒன்று, வேர் இரண்டு. தமிழிலோ நிலைமை மறுதலை. பதுங்குதல் தன்வினை, பதுக்குதல் பிறவினை. பதுக்கை, பதுக்கல், பதுங்குகுழி ஆகிய மூன்று வடிவங்களும் இவ்வொரு வேரிலேயே கிளைத்தன.

பண்டைத் தமிழரிடையே சாவும் சமமாயிருக்கவில்லை. கிள்ளிவளவன் மாய்ந்தபோது, அவனுக்கேற்ற பெருந்தாழியை வனைய இயலுமோ எனக் குயவனிடம் கேட்டுப் பாடினார் ஐயூர் முடவனார். ஆநிரைப் போரில் பட்ட வீரனுக்குப் பெயரும் பெருமையும் பொறித்த நடுகல் எழுந்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கற்கள் இதற்குச் சான்று. ஈழத்து ஆனைக்கோட்டையிலே, 1980ஆம் ஆண்டளவில் அகழப்பட்ட ஈமக்குழியில் ஒருவர் எழுத்துப் பொறித்த முத்திரையோடு கிடந்தார். பிழைப்புத் தேடிச் சுரத்தைக் கடந்து, மறவர் அம்புக்கு இரையான வழிப்போக்கனுக்கோ தழையும் பரற்கல்லுமே மூடுபோர்வை. அதுவே பதுக்கை. அதில் எழுத்தில்லை.

காலம் மாறிற்று. உடலை மறைத்த சொல் உணவை மறைப்பதற்கும் ஆயிற்று. 1943இல் வங்கத்திலே ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர். போர்க்கால ஆட்சியின் கொள்கையோடு பதுக்கலும் சேர்ந்து அப்பஞ்சத்தைக் கொடிதாக்கிற்று. பதுக்கல் பதுக்கைகளைப் பெருக்கிற்று எனின் மிகையன்று.

மூன்றாவது சொல்லை விசுவமடுப் பிள்ளைகளுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. குண்டுவீச்சுக்கு அஞ்சி வன்னியின் வளவுகள் தோறும் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. இறுதிப் போரிலே தாய்மார் தம் சேலைகளைக் கிழித்து மண்மூடை தைத்தனர். 2009 சனவரி இறுதியில் போர் விசுவமடுவைக் கடந்து கிழக்கே நகர்ந்தது. முள்ளிவாய்க்கால் வரை ஒதுக்கப்பட்ட மக்களிற் பலர், உயிர் காக்க வெட்டிய குழியிலேயே மூடப்பட்டனர். பதுங்குகுழி பதுக்கையாயிற்று.

எமதூர்த் தேராவில் துயிலுமில்லத்திலே பெயர் பொறித்த கற்கள் நிரைநிரையாக நின்றன. போருக்குப்பின் அவையும் தகர்க்கப்பட்டன. பெயருள்ள கல் போயிற்று. குழியில் மூடப்பட்ட கமக்காரனுக்கும் கூலியாளுக்கும் பெயர்பொறித்த கல் என்றுமே நின்றதில்லை.

மாண்டோர் எத்துணைப் பேர் என்னும் வாதம் இன்றும் ஓய்ந்திலது. நாமோ மாணவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தோம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலும் அயலிலும் கேட்டு, மாண்டோரின் பெயர், தொழில், மாண்ட இடம் ஆகியவற்றை எழுதிவருதல் வேண்டும். முதலில் வினவிய மாணவனே முதலில் எழுதினான். தன் அம்மம்மாவின் பெயரை.